பழைய ஆம்ப்ளிஃபையரில் டிஸ்ப்ளே எரியவில்லையா?

பாட்டு வருகிறது, டிஸ்ப்ளே மட்டும் இருட்டு என்றால், முதலில் டிம்மர் பட்டனை அழுத்திப் பாருங்கள். பல மாடல்களில் அது டிஸ்ப்ளேயை முழுவதுமாகவே அணைத்துவிடும்.

அதுவல்ல என்றால் பிளக்கைப் பிடுங்கி, மூடியைத் திறந்து, மின்சாரத்தைத் தேக்கி வைத்திருக்கும் பெரிய கெப்பாசிட்டர்களின் இரு முனைக்கும் குறுக்கே 1 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டரை ஒரு நிமிடம் வையுங்கள். மல்டிமீட்டரில் சுழி வோல்ட் வந்ததா என்று பார்த்த பிறகே உள்ளே கை வைக்க வேண்டும். இதைத் தவிர்க்கவே கூடாது.

நீலப்பச்சையாக ஒளிரும் கண்ணாடி டிஸ்ப்ளே என்றால் அது வெற்றிடக் குழாய். கண்ணாடிக்குள் வெள்ளிநிறப் பூச்சு பால்போல் வெளுத்திருந்தால் காற்று புகுந்துவிட்டது. குழாயை மாற்றத்தான் வேண்டும். பூச்சு நன்றாக இருந்தால் இரு ஓரப் பின்களுக்கு இடையே ஓம் அளவிடுங்கள். சில ஓம்களிலிருந்து சில பத்து ஓம்கள் வரை காட்டினால் ஃபிலமென்ட் (குழாய்க்குள் சூடாகும் மெல்லிய கம்பி) உயிரோடு இருக்கிறது.

இனி மின்சாரம் கொடுத்து, ஒரு கையால் மட்டும் வோல்ட் அளந்து பாருங்கள். ஃபிலமென்டுக்குப் பெரும்பாலும் 2 முதல் 6 வோல்ட் ஏசி, டிஸ்ப்ளேயை இயக்கும் கன்ட்ரோல் ஐசிக்கு 5 வோல்ட், கூடவே மைனஸ் 25 முதல் மைனஸ் 35 வோல்ட் வர வேண்டும். அடிக்கடி காணாமல் போவது இந்த மைனஸ்தான். அந்த வழியிலுள்ள ஃபியூசிபிள் ரெசிஸ்டர் (மின்னோட்டம் மிகுந்தால் ஃபியூஸ்போல் அறுந்துவிடுவது), ஜீனர் டையோடு (வோல்ட்டை நிலையாக வைப்பது), காய்ந்துபோன எலக்ட்ரோலிடிக் கெப்பாசிட்டர் மூன்றையும் சோதியுங்கள். ஃபியூசிபிள் ரெசிஸ்டருக்குப் பதில் சாதா ரெசிஸ்டர் போடாதீர்கள். அடுத்த ஷார்ட்டில் தீப்பிடிக்கலாம். கெப்பாசிட்டரை அதே மைக்ரோஃபாரட் மதிப்பில், 63 வோல்ட், 105 டிகிரி வெப்பம் தாங்கும் ரகமாக மாற்றுங்கள். மைனஸ் வழி என்பதால் அதன் பிளஸ் கால்தான் கிரவுண்டுக்குப் போகும். பலர் தலைகீழாகப் பொருத்தி வெடிக்கவிடுவது இங்கேதான்.