தேவாலய வளாகத்துக் கற்சிலுவை: கை வைக்கும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இங்கிலாந்துக் கிராமங்களில், தேவாலயத்தின் தென்வாசல் பக்கம் இரண்டு மூன்று படிகள் தெரியும். மேலே நடுவில் குழி வெட்டிய பீடக்கல், அதில் சொருகிய முறிந்த தூண். இடைக்காலச் சிலுவையில் பெரும்பாலும் இவ்வளவுதான் மிச்சம். தலைப்பகுதியை 16ஆம் நூற்றாண்டுச் சமயச் சீர்திருத்தக் காலத்திலும், சிலுவைகளை அகற்றச் சொல்லி 1643இல் நாடாளுமன்றம் போட்ட ஆணைக்குப் பிறகும் உடைத்துவிட்டார்கள்.

சிமெண்ட்

தூணின் அடி பீடக்கல்லின் குழிக்குள் இறங்கி நிற்கும். இடுக்கில் அந்தக் காலத்தில் ஈயத்தை உருக்கி ஊற்றினார்கள். ஈயம் போன இடத்தில் மழைநீர் தேங்குகிறது என்று, அக்கறையோடுதான் சிமெண்டை வைத்து அடைக்கிறார்கள். அதைப் பார்த்தால் இன்றும் வயிறு எரிகிறது. சிமெண்டுக்கும் கல்லுக்கும் நடுவே மயிரிழை விரிசல் விடும். அதில் இறங்கிய நீர் வெளியேற வழியில்லாமல் கல்லில் ஊறும். பனிக்காலத்தில் உறைந்து விரியும். சுண்ணக்கல்லாக இருந்தால் விளிம்பு செதில் செதிலாக உதிர்ந்து, சிமெண்ட் மட்டும் வரப்பு மாதிரி துருத்திக்கொண்டு நிற்கும். உள்ளே தூணையும் பீடத்தையும் இணைக்கும் பழைய இரும்பு முளை இருந்தால் துருவேறி உப்பிப் பீடக்கல்லையே பிளந்துவிடும்.

சிமெண்டுக்குப் பதில், நீரோடு சேர்ந்து இறுகும் ஹைட்ராலிக் சுண்ணாம்பு 1 பங்கு, கூர்மணல் இரண்டரை முதல் 3 பங்கு போதும். சுண்ணாம்பின் வலுவைக் குறிக்கும் தர எண்ணில் 3.5க்கு மேல் மென்மையான கல்லுக்கு வேண்டாம். இடுக்கின் அகலத்தைப் போல் இரு மடங்கு ஆழத்துக்குக் கை உளியால் சுரண்டி, நனைத்து, சாந்தை அழுத்தித் திணியுங்கள். சில நாள் ஈரச் சாக்கு போட்டு மூடி வையுங்கள். 5 டிகிரி செல்சியசுக்குக் கீழே வேலையே கூடாது. முளை மாற்றினால் துருப்பிடிக்காத எஃகு. பழைய சிமெண்ட் கல்லை இறுகப் பிடித்திருந்தால் விட்டுவிடுங்கள். கிரைண்டர் வைத்தால் சிமெண்டோடு கல்லின் விளிம்பும் போகும்.

கம்பி பிரஷ், பிளீச்

கல்லைச் சுத்தம் செய்ய இவை வேண்டவே வேண்டாம்.

அனுமதி

பாதுகாக்கப்பட்ட தொல்சின்னம் என்றால் அரசின் எழுத்துமூல ஒப்புதல் வேண்டும். அது இல்லாமல் தொடுவது குற்றம். ஆங்கிலிக்கன் (இங்கிலாந்துத் திருச்சபை) வளாகமாக இருந்தால் மறைமாவட்ட அனுமதி தனி.

மொத்தத்துக்கும் ஒரே காலம் போடுவது

படி இடைக்காலம், தலை விக்டோரியா காலம் என்பது சர்வசாதாரணம். தூணின் உச்சியில் பின்னாளில் சூரியக் கடிகாரம் வைத்ததும் உண்டு. ஒவ்வொரு பாகத்தையும் தனியாகப் பாருங்கள்.

உதிரிக் கற்களை ஒதுக்குவது

குளோஸ்டர்ஷயரின் ஆம்ப்னி குரூசிஸ் தேவாலயத்தில், சிலுவையின் செதுக்குத் தலை சுவருக்குள் வைத்துப் பூசப்பட்டிருந்து 19ஆம் நூற்றாண்டில்தான் வெளியே வந்தது. இன்று அது வளாகத்தில் தன் தூண்மேல் நிற்கிறது. வேலியோரம் கிடக்கும் எண்கோணத் தூண் துண்டையும், கிடந்த இடத்தைக் குறித்துப் படம் எடுத்த பிறகே நகர்த்துங்கள்.