கைவினை ஷாப் லிங்க்கை கார்டுல நேரா பிரிண்ட் பண்ணாதீங்க

எட்ஸி மாதிரி கைவினைப் பொருள் விக்கிற தளத்துல ஷாப் வெச்சிருக்கீங்க, சொந்தமா ஒரு வெப்சைட்டும் இருக்குன்னா, கார்டு, லேபிள், க்யூஆர் கோடு எதுலயும் ஷாப்போட லிங்க்கை நேரா போடாம, உங்க டொமைன் பேருக்கு (அதாவது வெப்சைட் முகவரிக்கு) பின்னாடி ஒரு சாய்வுக் கோடு (/) போட்டு 'ஷாப்'னு ஒரு சின்ன முகவரி வெச்சு அதை கடைக்கு ரீடைரக்ட் பண்ணிடுங்க, அதாவது அந்த முகவரிக்கு வர்றவங்க தானா கடைக்குப் போற மாதிரி செட் பண்ணிடுங்க.

நாளைக்கு ஷாப் பேர் மாத்துனாலோ வேற தளத்துக்கே போனாலோ ஒரே ஒரு இடத்துல மாத்தினா போதும், அச்சடிச்ச கார்டு எதுவும் வீணாகாது, க்யூஆர் கோடும் அப்படியே வேலை செய்யும். ரீடைரக்ட் செட் பண்றப்ப 302ன்னு, அதாவது தற்காலிகம்னு குடுங்க, இதுலதான் நிறைய பேர் கோட்டை விடுறாங்க. 301 குடுத்தா அது நிரந்தரம்னு அர்த்தம், ஒரு தடவை வந்தவங்களோட ப்ரவுசர் அதை ஞாபகம் வெச்சுக்கிட்டு, நீங்க மாத்தினதுக்கு அப்புறமும் பழைய இடத்துக்கே கூட்டிட்டுப் போக வாய்ப்பு இருக்கு.

சோஷியல் மீடியா ப்ரொஃபைல் லிங்க்குக்கு இவ்ளோ மெனக்கெட வேணாம், அதை எப்ப வேணா மாத்திக்கலாம். டொமைனை வருஷா வருஷம் ரினியூ பண்ண மறக்குற ஆளா இருந்தீங்கன்னா இந்த வழியே வேணாம், டொமைன் போச்சுன்னா கார்டும் சேர்ந்து போச்சு.