அவரைக்காய் பிதுக்கும் நேரத்தில்: சின்னக் குழந்தைகளோடு பேசிப் பழக ஒரு செய்முறை

எங்கள் வீட்டுப் பரணில் ஒரு அட்டைப்பெட்டி தூங்குகிறது. பழங்கள், விலங்குகள், வண்டிகள் என்று மூன்று கட்டு ஃப்ளாஷ் கார்டு அதில் இருக்கிறது. மகளுக்கு இரண்டு வயதானபோது வாங்கியவை. இப்போது அவளுக்கு ஆறு. யானைப் படத்தைக் காட்டினால் "யானை" என்பாள். அதற்கு மேல் அந்த அட்டைக்கும் சொல்ல ஒன்றுமில்லை, அவளுக்கும் கேட்க ஒன்றுமில்லை.

அவள் நெற்றியைச் சுருக்கி யோசித்ததையெல்லாம் நான் பார்த்தது பெங்களூர் அல்சூரில் எங்கள் சின்னச் சமையலறையிலும், குப்பை ஆட்டோ வரும் வாசலிலும், மெட்ரோவிலும்தான். மூன்றிலிருந்து ஆறு வயது வரை உள்ள குழந்தைகளோடு எப்படிப் பேச ஆரம்பிப்பது என்று தோழிகள் கேட்கும்போது சொன்னதை இங்கே வரிசையாக எழுதுகிறேன். நான் டீச்சர் இல்லை. மூன்று வருஷமாகத் தப்பும் தவறுமாகச் செய்து பார்த்தவள், அவ்வளவுதான்.

படி 1: கை வேலையாக இருக்கும் நேரத்தைப் பிடியுங்கள்

தினமும் ஒரு மணி நேரம் குழந்தைக்கென்று ஒதுக்கச் சொல்பவர்கள், ஒயிட்ஃபீல்டுக்கு வேலைக்குப் போய்த் திரும்புகிறவர்களாக இருக்க முடியாது. பத்துப் பத்து நிமிஷமாக இரண்டு வேளை கிடைத்தால் போதும். அதையும் புதிதாகத் தேட வேண்டாம். கீரை ஆய்வது, துணி மடிப்பது, செருப்பு மாட்டிக்கொண்டு கீழே இறங்குவது எல்லாம் நேரம்தான்.

எதிரே உட்கார வைத்து "இன்னிக்கு ஸ்கூல்ல என்ன பண்ணினே?" என்று கேட்டால் "ஒண்ணுமில்ல" என்று வரும். அதே குழந்தையிடம் ஒரு தட்டு பட்டாணியைக் கொடுத்து உரிக்கச் சொல்லுங்கள். ஐந்தாவது நிமிஷம், யார் யாரை அடித்தார்கள் என்பது வரை தானாக வந்துவிடும்.

பெங்களூரில் இருப்பவர்களுக்குக் குளிர்காலத்தில் ஒரு வரப்பிரசாதம் உண்டு: அவரைக்காய். கொட்டையை ஊறவைத்து, விரலால் அழுத்தினால் தோலிலிருந்து பருப்பு துள்ளி வெளியே வரும். குழந்தைகளுக்கு இதைவிட நல்ல விளையாட்டு எனக்குத் தெரியாது. மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளை வீட்டில் இருந்தால் மட்டும் கவனம். வாயிலோ மூக்கிலோ போட்டுக்கொள்ளும்.

இந்தப் பத்து நிமிஷமும் போன் வேறு அறையில் இருக்கட்டும்.

படி 2: பரீட்சை வைக்காதீர்கள்

"இது என்ன கலர்? இது எத்தனை?" என்று நாம் கேட்கும் கேள்விகளில் பாதிக்கு மேல் நமக்கே விடை தெரிந்தவை. நமக்குத் தெரியும் என்பது குழந்தைக்கும் தெரியும். பிறகு அதில் பேச்சு எங்கிருந்து வரும்?

கேட்பதை விட்டுவிட்டு, கண்ணில் பட்டதைச் சொல்லிப் பாருங்கள். "இந்தக் கீரைத்தண்டு மட்டும் சிவப்பா இருக்கே." "மாடி வீட்டுத் துணி காஞ்சிருச்சு, நம்மளது இன்னும் ஈரமாவே இருக்கு." சொல்லிவிட்டு உங்கள் வேலையைப் பாருங்கள். பத்தில் நாலு தடவை குழந்தை பிடித்துக்கொள்ளும். மீதி ஆறு காற்றில் போகட்டும்.

குப்பை பிரிக்கும் வேலையையும் இந்தக் கணக்கில் சேர்க்கலாம். ஈரம், உலர்ந்தது, ரிஜெக்ட் என்று பிரித்துத்தானே இங்கே ஆட்டோவில் போட வேண்டும்? "பால் பாக்கெட் எதுல போகும்?" என்று ஆரம்பித்தது எங்கள் வீட்டில் ஒரு வாரம் ஓடியது. உள்ளே பால் ஒட்டியிருக்கிறது, அதனால் ஈரக் குப்பை என்பது அவள் கட்சி. "அப்போ கழுவிட்டா?" என்றேன். கழுவி, கொடியில் கிளிப் போட்டு மாட்டி, காய்ந்ததும் உலர் குப்பையில் போட்டாள். இன்றுவரை பாக்கெட் கழுவுவது அவள் இலாகா.

படி 3: மனதுக்குள் மூன்று எண்ணுங்கள்

எழுதுவதற்குச் சின்னப் படி, செய்வதற்குப் பெரியது. 1970களில் மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் வகுப்பறைப் பேச்சைப் பதிவு செய்து கேட்டார். ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தது சராசரியாக ஒரு விநாடிதான். அதை மூன்று விநாடி ஆக்கியதும் பிள்ளைகளின் பதில்கள் நீண்டன, "தெரியாது" குறைந்தது, அவர்களாகக் கேட்கும் கேள்விகளும் கூடின.

மூன்று விநாடி என்ன பிரமாதம் என்று தோன்றும். அடுப்பில் பால் பொங்கும்போது எண்ணிப் பாருங்கள், தெரியும். நான் இன்னும் பாதி நாள் தோற்றுப்போகிறேன். நாலு வயதுக் குழந்தைக்கு மூன்றுகூடப் போதாது. ஐந்து, ஆறு வரை விடுங்கள். அந்த இடைவெளியில் நாம் எடுத்துக் கொடுத்தால் குழந்தை வாயை மூடிக்கொள்ளும். அப்புறம் நமக்கே நாம் பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

படி 4: கேள்வியைத் திருப்பிக் கொடுங்கள், ஆனால் எப்போதும் அல்ல

"ஏன்?" என்று வந்ததும் விடையைச் சொல்லிவிடாமல் "நீ என்ன நினைக்கிறே?" என்று கேட்கச் சொல்வார்கள். நல்ல யோசனைதான். நான் அதைக் கண்டுபிடித்த புதிதில், எதைக் கேட்டாலும் "நீ என்ன நினைக்கிறே?" என்று ஆரம்பித்துவிட்டேன். இரண்டாம் வாரம் அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு சொன்னாள்: "நான்தானே உன்னைக் கேட்டேன்?"

நியாயம்தான். அதிலிருந்து ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். பெயர், இடம், நேரம் என்று தகவல் கேட்டால் நேராகச் சொல்லிவிடுவேன். பயந்து கேட்டாலும், தூக்கக் கலக்கத்தில் கேட்டாலும் அப்படியே. ஏன், எப்படி, என்ன ஆகும் என்று கேட்டால் மட்டும் திருப்பிக் கொடுப்பேன். திருப்பும்போதும் ஒரு பிடி கொடுக்க வேண்டும். "குழாயில தண்ணி எங்கிருந்து வருது?" என்றால் "மாடி டேங்குல இருந்து. ஆனா டேங்குக்கு எப்படி ஏறுச்சுன்னு நினைக்கிறே?" இப்படி. எங்கள் வீட்டில் அது மோட்டார், சம்ப், ரோட்டுக் குழாய் என்று போய், ஏறக்குறைய 100 கிலோமீட்டர் தள்ளி ஓடும் காவிரியில் முடிந்தது. அங்கிருந்து பம்ப் பண்ணித்தான் இந்த மேட்டு ஊருக்கு ஏற்றுகிறார்கள் என்றதும், "அவ்ளோ தூரம் வந்த தண்ணியாம்மா இது!" என்று குழாயை மூடிவிட்டு நின்றாள். ஒரு நாள்தான்.

படி 5: செய்து பாருங்கள், திருத்தாதீர்கள்

இதற்கு இரண்டு டபராவும் ஒரு உயரமான கண்ணாடி டம்ளரும் போதும். ஒரே மாதிரி இரண்டு டபராவில் சமமாகத் தண்ணீர் ஊற்றுங்கள். "ரெண்டும் ஒண்ணா இருக்கா?" என்று குழந்தையையே பார்க்கச் சொல்லுங்கள். ஒப்புக்கொண்டதும், ஒரு டபராத் தண்ணீரைக் குழந்தையின் கண்ணெதிரே உயரமான டம்ளருக்கு மாற்றுங்கள். "இப்போ எதுல அதிகம்?"

நாலு வயதில் என் மகள் யோசிக்கவே இல்லை. டம்ளரில்தான் அதிகம் என்றாள். சுவிட்சர்லாந்து நாட்டு ஜான் பியாஜே, இதே மாதிரி தண்ணீரை மாற்றி மாற்றி ஊற்றி நூற்றுக்கணக்கான குழந்தைகளைக் கேட்டவர். ஏறக்குறைய ஏழு வயது வரை பல குழந்தைகள் உயரத்தைப் பார்த்தே முடிவு செய்கிறார்கள் என்பது அவர் கண்டது. எனவே உங்கள் பிள்ளை மக்கு இல்லை, பயப்பட வேண்டாம்.

என் மாமியார் பக்கத்திலிருந்து "ஐயோ, அதே தண்ணிதானேடி கண்ணு" என்று திருத்தப் பார்த்தார். அவரைக் கையைப் பிடித்து நிறுத்தினேன். திருத்தினால் குழந்தை நம் பதிலை மனப்பாடம் செய்யும், அவ்வளவுதான். "சரி, திரும்ப டபராவுல ஊத்தினா எவ்ளோ வரும்?" என்று கேளுங்கள். ஊற்றட்டும், முழிக்கட்டும். ஐந்தரை வயதில் ஒரு நாள் காபி ஆற்றிக்கொண்டிருந்தபோது அவளாகவே வந்து, "டம்ளர் ஒல்லிம்மா, அதான் உசரமா தெரியுது" என்றாள். நடுவில் நான் ஒன்றும் சொல்லிக் கொடுக்கவில்லை.

இன்னொன்று: ஃப்ரிட்ஜில் ஒட்டும் காந்தத்தைக் கையில் கொடுத்து, எவர்சில்வர் பாத்திரங்களைச் சோதிக்கச் சொல்லுங்கள். பார்க்க ஒரே மாதிரி இருக்கும், ஆனால் சிலதில் ஒட்டும், சிலதில் ஒட்டாது. உலோகக் கலவை வேறு. பெரியவர்களே ஆச்சரியப்படுவார்கள்.

பக்கெட் தண்ணீரில் மிதக்கிறதா, மூழ்குகிறதா என்று விளையாடினால் மட்டும் நகராதீர்கள். சின்னக் குழந்தைக்கு அரை பக்கெட் தண்ணீரும் ஆபத்து. முடிந்ததும் கவிழ்த்துவிடுங்கள்.

படி 6: "எனக்குத் தெரியல"

வேலூரிலிருந்து ஆயா (பாட்டி) வந்தால் ஒரு புலம்பல் நிச்சயம்: "உங்க ஊர்ல பருப்பு வேகவே மாட்டேங்குது." குக்கர் விசில் மேல் அவருக்கு நம்பிக்கை கிடையாது, சட்டியில்தான் வேகவைப்பார். "ஏன் ஆயா வேகல?" என்று மகள் கேட்க, ஆயா என்னைப் பார்க்க, நான் "தெரியலையே" என்றேன். மூன்று பேரும் சேர்ந்து தேடினோம். பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேலே இருக்கிறது. மேலே போகப் போகக் காற்றின் அழுத்தம் குறையும், தண்ணீர் 100 டிகிரிக்கு முன்பே, இங்கே சுமார் 97 டிகிரியில், கொதித்துவிடும். சூடு குறைந்த கொதிநீரில் பருப்பு மெதுவாகத்தான் வேகும். வேலூர் நம்மைவிட எவ்வளவோ கீழே. ஆயாவின் புலம்பலில் உண்மை இருந்தது என்பதில் அவருக்கு ஏகப் பெருமை.

சேர்ந்து தேடும்போது போனை எடுத்துத்தான் ஆக வேண்டும். தேடியதும் கீழே வைத்துவிடுங்கள். இரண்டிலிருந்து நாலு வயது வரை உட்கார்ந்தபடி திரை பார்ப்பது நாளுக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது. அதை நாங்களும் எல்லா நாளும் காப்பாற்றியதில்லை.

படி 7: வெளியே போனால் ஒன்றை மட்டும் பாருங்கள்

கஸ்தூர்பா ரோட்டில் விஸ்வேஸ்வரய்யா மியூசியம் இருக்கிறது, லால்பாக் இருக்கிறது. ஒரே நாளில் சுற்றிக் காட்ட ஆசைப்படாதீர்கள். லால்பாக் பாறை சுமார் 300 கோடி வருஷம் பழையது. நாங்கள் மூன்று தடவை போய், மூன்று தடவையும் அந்தப் பாறையில் மட்டும் உட்கார்ந்துவிட்டு வந்திருக்கிறோம். கண்ணாடி மாளிகையை அவள் இன்னும் பார்த்ததில்லை.

படி 8: தெருவின் மொழிகளைக் காதில் விடுங்கள்

மகளைச் சேர்த்த பிளே ஸ்கூலில், வீட்டில் தமிழை நிறுத்திவிட்டு ஆங்கிலம் பேசச் சொன்னார்கள். நாலு மொழி கேட்டால் குழந்தை குழம்பிவிடுமாம். பத்து நாள் முயன்றோம். வீடே ஊமையானது, என் ஆங்கிலத்தில் "உட்காரு, சாப்பிடு, வேண்டாம்" தவிர வேறு பேச்சு இல்லை. பழையபடி தமிழுக்கு வந்துவிட்டேன். பல மொழி கேட்பதால் பேச்சு தாமதமாகாது. ஆனால் இரண்டு வயது முடிந்தும் எந்த மொழியிலும் இரண்டு சொல் சேர்த்துப் பேசவில்லை என்றால், டாக்டரிடம் காட்டிக் காதைச் சோதித்துவிடுங்கள். காத்திருக்க வேண்டாம்.

இனி அவரைக்காய்க்கு வருகிறேன். போன ஜனவரியில் ஆயாவும் மகளும் பிதுக்கிக்கொண்டிருந்தார்கள். ஆயாவுக்கு அது பிதுக்கம் பருப்பு. கீழ் வீட்டுக் கன்னட ஆன்ட்டி எட்டிப் பார்த்து, "ஓ, ஹிதகித பேளெயா!" என்றார். அவர் போனதும் மகள் கேட்டாள்: "ஆயா பி சொன்னாங்க, ஆன்ட்டி ஏன் ஹி சொன்னாங்க?"

எனக்கு விடை தெரியும், சொல்லவில்லை. "வேற எதுலயாவது இப்படி வருதான்னு பார்ப்போமா?" என்றேன். அன்று மாலையே பால் வாங்கப் போன கடையில் ஹாலு. பூக்காரம்மாவிடம் ஹூவு. ஸ்கூலிலிருந்து புலிக்கு ஹுலி, பாம்புக்கு ஹாவு. நோட்டில் படம் வரைந்து வைத்தோம். பத்து ஹத்து என்று தெரிந்த அன்று சாப்பிடக்கூட இல்லை. பழைய கன்னடத்தில் இவையெல்லாம் ‘ப’தான்; பத்தாம் நூற்றாண்டு வாக்கில் ‘ஹ’வாக மாறத் தொடங்கின. போச்சம்பள்ளியின் பள்ளியும் பையப்பனஹள்ளியின் ஹள்ளியும் ஒன்றேதான்.

நாலாம் நாள் அவள் பயந்துபோய் வந்தாள். "அப்போ அப்பா, அஹ்ஹாவா?" மூன்று எண்ணினேன். "கீழ ஆன்ட்டி பையன் அவங்க அப்பாவை எப்படிக் கூப்பிடறான்னு கேட்டுட்டு வா." ஓடிப் போய் ஓடி வந்தாள். "அப்பான்னுதான் கூப்பிடறான்!" பின்னே ஏன் என்று இருவரும் நோட்டைப் பார்த்தோம். கொஞ்ச நேரம் கழித்து, "முதல்ல வந்தாத்தான் மாறும் போல, நடுவுல வந்தா மாறாது" என்றாள்.

நீங்கள் மும்பையிலோ டெல்லியிலோ இருந்தால் இதே ஜோடி கிடைக்காது. அங்கே தெருவில் வேறு ஏதாவது கேட்கும். குழந்தை கவனிக்கும் வரை நீங்கள் எடுத்துக் கொடுக்க வேண்டாம்.

போன ஞாயிற்றுக்கிழமை மெட்ரோவில் வந்தோம். எங்கள் ஸ்டேஷன் பெயர் பலகையில் அல்சூர் என்று இருக்காது, ஹலசூரு. ஹலசு என்றால் பலா. முன்பு இங்கே பலாத்தோப்பு இருந்ததால் அந்தப் பெயர் என்பார்கள். சொன்னதும் "ப, ஹ!" என்று கத்தியதில் பக்கத்து சீட் தாத்தா திரும்பிப் பார்த்தார். படியில் இறங்கும்போது திடீரென்று நின்றாள். ஆயா இப்போதுதான் அவளுக்குத் தமிழ் எழுத்து சொல்லிக் கொடுத்திருக்கிறார்.

"அம்மா, பெங்களூருலயும் முதல்ல பதானே? அது மட்டும் ஏன் ஹெங்களூரு ஆகல?"

ஒன்று. இரண்டு. மூன்று. தமிழில் ஒரே ‘ப’வை இரண்டு விதமாக ஒலிக்கிறோம், கன்னடத்தில் அதற்குத் தனித்தனி எழுத்து என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. நாலு. ஐந்து. "நீயே ஒரு தடவை ‘பால்’னு சொல்லு, அப்புறம் ‘பெங்களூரு’ன்னு சொல்லு" என்றேன். வீடு வரும் வரை தொண்டையில் கை வைத்துக்கொண்டு, பால், பெங்களூரு, பால், பெங்களூரு என்று சொல்லிக்கொண்டே வந்தாள்.