வால்டிவியா: ஆற்றை மறப்பதால் வரும் தவறுகள்

தென் சிலியின் லோஸ் ரியோஸ் மாநிலத் தலைநகரான வால்டிவியாவைப் பற்றி எழுதுவோரும், அங்கே செல்லத் திட்டமிடுவோரும் செய்யும் பிழைகளில் பெரும்பாலானவை ஆற்றைக் கணக்கில் எடுக்காததால் வருபவை. வரைபடத்தில் பசிபிக் கரையோரம் அந்தப் பெயரைக் கண்டதும் சிலர் அதைக் கடற்கரை நகரம் என்று முடிவு செய்துவிடுகிறார்கள். வேறு சிலர் தெற்கே உள்ள ஏரிகளுக்கும் எரிமலைகளுக்கும் போகும் வழியில் ஓர் இரவு தங்குவதற்கான ஊர் என்று ஒதுக்கிவிடுகிறார்கள். உண்மையில் காயே-காயே, காவ்-காவ் என்னும் இரண்டு ஆறுகள் கூடுமிடத்தில் இந்நகரம் அமைந்திருக்கிறது. அங்கிருந்து வால்டிவியா ஆறு என்ற பெயருடன் ஓடும் நீர், வடக்கிலிருந்து வரும் க்ரூசெஸ் ஆற்றையும் சேர்த்துக்கொண்டு, ஏறத்தாழ 15 கிலோமீட்டர் தள்ளிக் கொர்ரால் விரிகுடாவில் கடலோடு கலக்கிறது.

இந்தத் தொலைவை அறியாமல் நகரின் நடுவே அறை எடுத்துவிட்டு அலைகளைத் தேடுவது முதல் தவறு. கடலைப் பார்க்க வேண்டுமானால் முகத்துவாரத்தில் உள்ள நியேப்லா கிராமத்துக்குச் செல்ல வேண்டும். நகரிலிருந்து 20ஆம் எண் பேருந்து அங்கே போகிறது. ஆனால் வழியில் முதலில் ஒரு பாலத்தைக் கடந்து தேஹா தீவுக்கும், பிறகு க்ரூசெஸ் ஆற்றுப் பாலத்தைக் கடந்து மறுகரைக்கும் போக வேண்டியிருப்பதால், கோடை விடுமுறை நாள்களில் குறைந்த தூரத்துக்கே நிறைய நேரம் பிடிக்கும். இந்த நெரிசலைக் குறைக்கவென்று காவ்-காவ் ஆற்றின் மேல் கட்டப்பட்ட தூக்குப் பாலத்தில் ஒரு பக்கத் தளம் தலைகீழாகப் பொருத்தப்பட்டிருந்தது 2014இல் தெரியவந்து நாடே நகைத்தது. தவறுகளைப் பற்றிய கட்டுரையில் இதைச் சொல்லாமல் விடுவது நியாயமாகாது.

காலத்தைத் தேர்ந்தெடுப்பதிலும் பலர் சறுக்குகிறார்கள். தென் அரைக்கோளத்தில் டிசம்பர் முதல் பிப்ரவரி வரைதான் கோடை என்பது எல்லாருக்கும் தெரிந்ததே. சிலி என்றதும் அட்டகாமா பாலைவனத்தை நினைத்துக்கொண்டு, மழைக்கான ஆடை எதுவும் இல்லாமல் ஜூன், ஜூலையில் வந்து இறங்குபவர்கள்தாம் தவித்துப்போகிறார்கள். நாட்டிலேயே மிகுந்த மழை பெறும் நகரங்களில் வால்டிவியாவும் ஒன்று. குளிர்கால மாதங்களில் நாள்கணக்கில் விடாமல் பெய்யும். காற்றும் சேர்ந்து வீசுவதால் குடையைவிடத் தலைமறைப்புள்ள மழைச்சட்டையே உதவும். வீடுகளில் விறகடுப்பு மூட்டிக் குளிர்காய்வது வழக்கம் என்பதால், மழை ஓய்ந்து காற்று அடங்கிய குளிர்கால மாலைகளில் புகை நகரின் மேல் படிந்து நிற்கும். மூச்சிரைப்பு உள்ளவர்கள் அந்த மாதங்களைத் தவிர்ப்பது நல்லது.

ஆற்றங்கரை மீன் சந்தையில் நிகழும் தவறு வேறு வகையானது. மீன்காரர்கள் வரிசையாக நின்று மீனை அறுத்துத் தலையையும் குடலையும் முதுகுக்குப் பின்னால் ஆற்றுக்குள் வீச, கீழே காத்திருக்கும் கடல்சிங்கங்கள் வாயைப் பிளந்து அவற்றைப் பிடிக்கின்றன. நடுவே நீர்க்காகங்களும் கடற்புறாக்களும் பங்குக்கு வந்து சண்டையிடுகின்றன. கடலிலிருந்து ஆற்றில் இவ்வளவு தூரம் ஏறிவந்த இவ்விலங்குகள், சில வேளைகளில் கரைமேடையிலேயே படுத்து உறங்குவதைக் காணலாம். அசையாமல் கிடப்பதாலும் மனிதர்களுக்குப் பழகிவிட்டதாலும் சாதுவானவை என்று நம்பிக் குழந்தையை அருகில் நிறுத்திப் படமெடுப்பவர்களை என்னவென்று சொல்வது! முழு வளர்ச்சி பெற்ற ஆண் கடல்சிங்கம் 300 கிலோவுக்கும் மேல் எடையுள்ளது. அது எதிர்பாராத வேகத்தில் திரும்பிக் கடிக்கக்கூடியது.

வரலாற்றைச் சொல்வோர் செய்யும் பிழை, இதை ஜெர்மானியர் உருவாக்கிய நகரம் என்பது. மரவீடுகளையும் பீர் ஆலைகளையும் கேக் கடைகளையும் பார்த்தால் அப்படித் தோன்றலாம். ஆனால் ஜெர்மானியக் குடியேற்றம் 1850ஆம் ஆண்டளவில்தான் தொடங்கியது. அதற்கு ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே, 1552இல், பெத்ரோ தெ வால்டிவியா இங்கே ஸ்பானிய நகரை நிறுவிவிட்டார். அப்போதும் அது வெற்றிடமாக இருக்கவில்லை. அப்பகுதியின் பூர்வகுடிகளான மபுச்சே மக்களின் அய்னில் என்ற குடியிருப்பு அங்கே இருந்தது. 1599இல் மபுச்சே வீரர்கள் ஸ்பானிய நகரை அழித்தார்கள். 1643இல் டச்சுக்காரர்கள் வந்து சிறிது காலம் தங்கிச் சென்றபின் விழித்துக்கொண்ட ஸ்பெயின், ஆற்றின் வாயிலை அடைப்பதற்காக நியேப்லா, கொர்ரால், மான்செரா தீவு ஆகிய இடங்களில் கோட்டைகளைக் கட்டியது.

இந்தக் கோட்டைகளில் நியேப்லாவை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புவதும் ஒரு குறைதான். முகத்துவாரத்தின் இரு கரைகளிலும் நடுவிலுள்ள தீவிலும் பீரங்கிகள் ஒன்றுக்கொன்று துணையாக நின்றதைப் படகேறிக் கொர்ராலுக்குப் போகும்போதுதான் விளங்கிக்கொள்ள முடியும். 1820 பிப்ரவரியில், சிலி விடுதலையை அறிவித்து இரண்டு ஆண்டுகள் ஆகியும் ஸ்பானியர் வசமே இருந்த இவற்றைச் சிலியின் கடற்படைத் தளபதி காக்ரேன் கைப்பற்றியபோது, அவர் கப்பல்களிலிருந்து சுட்டுக்கொண்டு நேரே உள்ளே நுழையவில்லை. சில நூறு வீரர்களை மாலையில் கரையிறக்கி, இரவோடிரவாக நிலப்பக்கமாகவே கொர்ரால் பக்கத்துக் கோட்டைகளை ஒவ்வொன்றாகப் பிடித்தார். கடலைப் பார்த்து நின்ற பீரங்கிகள் பயன்படாமல் போயின.

மிகப் பெரிய குழப்பம் 1960 மே 22ஆம் நாள் நிலநடுக்கத்தைப் பற்றியது. 9.5 அளவில் பதிவான அது, கருவிகளால் அளக்கப்பட்டவற்றில் மிகப் பெரியது. வால்டிவியாவின் பெயரால் அழைக்கப்படுவதால் அதன் மையம் இந்நகரின் அடியில் இருந்ததாக எழுதுகிறார்கள். மையம் வடக்கே நூறு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தொலைவில் இருந்தது. மிகக் கடுமையாகப் பாதிக்கப்பட்ட பெரிய நகரம் என்பதாலேயே இந்தப் பெயர் நிலைத்தது. சுனாமி நகரத்தை விழுங்கியதாகச் சொல்வதும் தவறு. அலைகள் கொர்ராலையும் கடலோரக் கிராமங்களையும் அழித்தன. பசிபிக்கைக் கடந்து ஹவாயிலும் ஜப்பானிலும் உயிர்களைப் பறித்தன. நகரத்தையோ உலுக்கலும் நிலம் தாழ்ந்ததும் சிதைத்தன. பின்னர் அதை மூழ்கடித்த வெள்ளம் எதிர்த்திசையிலிருந்து, மலைப்பக்கமிருந்து வந்தது.

நிலநடுக்கத்தால் சரிந்த மண், ரிஞ்ஞிவே ஏரியிலிருந்து வெளியேறும் சான் பெத்ரோ ஆற்றை அடைத்துவிட்டது. காயே-காயே ஆற்றின் மேல்பகுதிதான் அது. 24 மீட்டர் உயரமிருந்த அந்த இயற்கை அணைக்குப் பின்னால் ஏரி நாளுக்கு நாள் ஏறிக்கொண்டே வந்தது. உடைந்தால் கீழே உள்ள ஊர்கள் அனைத்தும் அடித்துச் செல்லப்படும். 1575இல் நடந்த நிலநடுக்கத்திலும் இதே போன்ற அடைப்பு ஏற்பட்டு, சில மாதங்கள் கழித்து உடைந்து பலரைக் கொன்றிருந்ததால், இது வெறும் அச்சமல்ல. ராவுல் சாயெஸ் என்ற பொறியாளரின் தலைமையில், இயந்திரங்கள் சேற்றில் புதைந்த இடங்களில் மண்வெட்டிகளைக் கொண்டே வேலை செய்து, அணையை 15 மீட்டராகக் குறைத்தார்கள். ஜூலை இறுதியில் நீர் படிப்படியாக வெளியேறியபோதும் வால்டிவியாவின் தாழ்ந்த பகுதிகளில் வெள்ளம் புகுந்தது. ஆனால் பேரழிவு தவிர்க்கப்பட்டது. அந்த நிலநடுக்கத்தைப் பற்றி எழுதுவோர் இரண்டு மாதங்கள் நீண்ட இந்தப் போராட்டத்தை விட்டுவிடுவது, என் பார்வையில், அதன் மையத்தை இடம் மாற்றி எழுதுவதைவிடப் பெரிய பிழை.

க்ரூசெஸ் ஆற்றுச் சதுப்புநிலத்தைத் தொன்மையான இயற்கை என்று வருணிப்பதும் இதனோடு தொடர்புடையதே. அதன் பெரும்பகுதி 1960 வரை மேய்ச்சலும் பயிரும் நடந்த நிலம். நிலம் ஏறத்தாழ இரண்டு மீட்டர் தாழ்ந்ததால் ஆறு அதன்மேல் பரவியது. நீர்ப்பாசிகளும் செடிகளும் வளர, கருங்கழுத்து அன்னங்கள் ஆயிரக்கணக்கில் வந்து சேர்ந்தன. 1981இல் அது ராம்சர் தளமாக, அதாவது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக, அறிவிக்கப்பட்டது. ஆற்றின் மேல்பகுதியில் ஒரு காகிதக்கூழ் ஆலை இயங்கத் தொடங்கிய 2004இல் அன்னங்களின் உணவான நீர்த்தாவரம் மறைந்தது; அன்னங்கள் பல இறந்தன, எஞ்சியவற்றில் பெரும்பாலானவை வெளியேறின. 2013இல் நீதிமன்றம் ஆலையைப் பொறுப்பாக்கியது. அன்னங்கள் பின்னர் திரும்பி வந்திருப்பதால், பழைய கட்டுரைகளைப் படித்துவிட்டு அங்கே பார்க்க எதுவுமில்லை என்று படகுப் பயணத்தைக் கைவிட வேண்டியதில்லை.

நியேப்லா, கொர்ரால் பக்கம் போகிறவர்கள் சுனாமி வெளியேற்ற வழியைக் காட்டும் பலகைகளை அலங்காரம் என்று கடந்துபோகக் கூடாது. நிற்க முடியாத அளவுக்கு நிலம் ஆடினாலோ, நீண்ட நேரம் ஆடினாலோ, எச்சரிக்கை ஒலிக்காகக் காத்திராமல் உடனே நடந்து மேட்டுக்கு ஏறிவிட வேண்டும். காரை எடுக்கப் போவதும், முதல் அலை வடிந்ததும் பைகளை எடுக்கக் கீழே இறங்குவதும் உயிருக்கே உலை வைக்கும். 1960இல் அலைகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பல மணி நேரம் வந்துகொண்டிருந்தன. முதல் அலை பெரியதாகவும் இருக்கவில்லை.