பிரேக் பிராக்கெட்டில் மரை வழுகிவிட்டால்

பிரேக் பிராக்கெட் போல்ட்டை இறுக்கிக்கொண்டு போகும்போது கைக்கு நல்ல பிடி வரும், இன்னும் கால் சுற்று என்று நினைக்கும்போதே அந்தப் பிடி விட்டுப்போய் ஸ்பானர் லேசாகச் சுற்றத் தொடங்கும். அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். "மற்ற போல்ட் பிடித்துக்கொள்ளும்" என்று சக்கரத்தைப் பூட்டி ஓட்டவே கூடாது. ஹட்டனிலிருந்து கினிகத்தேனைப் பக்கம் இறங்கினாலும் சரி, நுவரெலியாவிலிருந்து றம்பொடை வழியாக இறங்கினாலும் சரி, வளைவுக்கு வளைவு பிரேக் மிதிக்க வேண்டும். ஒவ்வொரு மிதிக்கும், சக்கரத்தோடு சுற்றும் டிஸ்க், தன்னைக் கவ்விப் பிடிக்கும் கலிப்பரையும் தன்னோடு சுற்றி இழுக்கப் பார்க்கும். அதைப் பிடித்து நிறுத்துவது, கலிப்பரைத் தாங்கும் பிராக்கெட்டை நக்கிளில் (சக்கரத்தைத் தாங்கும் பாகத்தில்) பூட்டும் இந்த இரண்டு போல்ட்டுகள்தான்.

போன மழைக்காலத்தில் மச்சானின் காரில் பிரேக் பேட் மாற்றுவதற்காக முன் இடது சக்கரத்தைக் கழற்றினேன். கீழ் போல்ட் விரலாலேயே சுற்றி வந்தது. வெளியே எடுத்துப் பார்த்தால் அதன் மரைப் பள்ளங்களில் மெல்லிய இரும்புச் சுருள் ஒன்று பளபளவென்று சுற்றிக்கிடந்தது. அது துளையின் மரை, அப்படியே உரிந்து போல்ட்டோடு வந்திருந்தது. முன்பு வேலை செய்தவர்கள் 1.25 பிட்ச் (மரைக்கு மரை உள்ள இடைவெளி, மில்லிமீட்டரில்) துளைக்குள் 1.5 பிட்ச் போல்ட்டை நெம்பி ஏற்றியிருக்கிறார்கள். இரண்டும் 12 மில்லிமீட்டர் தடிப்புதான், பார்வைக்கு ஒரே மாதிரிதான் இருக்கும். இரண்டு சுற்று கையால் போய், அப்புறம் இறுகிக்கொள்ளும். அதற்கு மேல் நீளக் குழாய் போட்டு நெம்பினால் மரை நாசம். அதனால் எந்த போல்ட்டையும் முதலில் வெறும் கையால் முழுதாக ஏற்றிப் பாருங்கள். கை நின்றால் ஒன்று போல்ட் பிழை, அல்லது துளையில் அழுக்கு.

சரி, வேலைக்கு வருவோம். நம்ம பக்கம் சமதரை கிடைப்பது கஷ்டம், ஆனாலும் தேடிப் பிடியுங்கள். மற்றச் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் வையுங்கள், ஜாக்கை மட்டும் நம்பாமல் ஸ்டாண்ட் போடுங்கள். கலிப்பரைக் கழற்றியதும் பிரேக் எண்ணெய் ஹோஸில் தொங்க விடாமல் சஸ்பென்ஷன் ஸ்பிரிங்கில் கம்பி போட்டுக் கட்டுங்கள்.

அடுத்துப் பார்க்க வேண்டியது, மரை எதில் இருக்கிறது என்பதை. பல ஜப்பான் கார்களில் போல்ட் நக்கிளின் காதைச் சும்மா கடந்து போய் பிராக்கெட்டில்தான் மரையேறும். அப்படியென்றால் நல்ல காலம், கெட்டுப்போனது கழற்றி எடுக்கக்கூடிய சாமான். அதே மாடலின் பழைய ஒரிஜினல் பிராக்கெட் கொழும்பு பஞ்சிகாவத்தையில் தேடினால் கிடைக்கும். மரை சுத்தமாக இருக்கிறதா என்று உங்கள் நல்ல போல்ட்டை அங்கேயே ஏற்றிப் பார்த்து வாங்குங்கள். என்னைக் கேட்டால் இதுதான் முதல் வழி, திருத்துவது இரண்டாவது. நக்கிளிலேயே மரை இருக்கும் வாகனம் என்றால் நக்கிளை மாற்றுவது பெரிய வேலை, அங்கேதான் ஹெலிகாயில் கை கொடுக்கும்.

முன் இரண்டு மூன்று சுற்று மட்டும் நசுங்கியிருந்தால் சரியான பிட்ச் டேப்பை (துளைக்குள் மரை வெட்டும் கருவி) எண்ணெய் விட்டு ஓட்டிச் சுத்தம் செய்தாலே போதும். உள்ளே மரை உரிந்திருந்தால் டேப் உதவாது. ஹெலிகாயில் என்பது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பிச் சுருள். துளையைப் பெரிதாக்கி, அதற்குரிய தனி டேப்பால் புது மரை வெட்டி, சுருளை உள்ளே ஏற்றினால் பழைய அளவு போல்ட்டே மறுபடி பொருந்தும். கிட்டில் எழுதியிருக்கும் அளவு டிரில் பிட்டையே பாவியுங்கள், கிட்டத்தட்ட என்று வேறொன்றைப் போட வேண்டாம்.

டிரில் பிடிக்கும் இடத்தில்தான் பெரும்பாலானோர் கெடுக்கிறார்கள். கையில் டிரில்லைப் பிடித்துத் துளைத்தால் கொஞ்சம் சரியும், சரிந்த துளையில் கலிப்பர் கோணலாக உட்காரும், பேட் ஒரு பக்கம் மட்டும் தேயும். பிராக்கெட்டை லேத் கடைக்குக் கொண்டுபோய் ஸ்டாண்ட் டிரில்லில் கட்டித் துளைக்கச் சொல்லுங்கள். துளையைச் சுற்றிச் சுவர் மெலிந்திருந்தாலோ வெடிப்பு தெரிந்தாலோ அந்தச் சாமானை எறிந்துவிடுங்கள், வெல்டிங் வைத்து நிரப்பவும் விடாதீர்கள்.

டேப்பை அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே என்று எண்ணெய் விட்டு ஓட்டுங்கள். தூளை பிரேக் கிளீனரால் கழுவி ஊதுங்கள். போல்ட் எந்தப் பக்கமிருந்து நுழைகிறதோ அந்தப் பக்கமிருந்தே சுருளை ஏற்றுங்கள், அழுத்தாமல் சுற்ற மட்டும் செய்யுங்கள், அழுத்தினால் மரை தாண்டி ஏறிவிடும். மேல் விளிம்பு கால் முதல் அரைச் சுற்று வரை உள்ளே இறங்கியிருக்க வேண்டும். அடியிலுள்ள வால் துண்டை பஞ்ச் வைத்து ஒரே தட்டில் ஒடித்து எடுங்கள். விட்டால் போல்ட் அதில் போய் முட்டும்.

இதெல்லாம் பிடித்து நிறுத்தும் போல்ட்டுகளுக்கு மட்டும். பிரேக் எண்ணெய் போகும் இடங்களில், அதாவது காற்று எடுக்கும் திருகின் துளையும் ஹோஸ் பூட்டும் பேஞ்சோ போல்ட்டின் துளையும் கெட்டால் நான் திருத்தமாட்டேன். திருகில் டெஃப்லான் ஒட்டுநாடா சுற்றினாலும் பசை வைத்தாலும் அந்த அழுத்தத்தில் தாங்காது. கலிப்பரையே மாற்றுங்கள்.

பூட்டும்போது புது போல்ட் போடுங்கள், பழைய போல்ட்டின் தலையில் என்ன எண் இருக்கிறதோ அதே பலமுள்ளதாக. கையால் கடைசிவரை ஏற்றிவிட்டு டோர்க் ரென்ச்சால் (வைத்த அளவு வந்ததும் 'டிக்' என்று சத்தம் தரும் ஸ்பானர்) இறுக்குங்கள். பிராக்கெட் போல்ட்டுக்குப் பல சிறிய கார்களில் 80 முதல் 110 நியூட்டன் மீட்டர் வரை சொல்வார்கள், உங்கள் காருக்கு உரியதை மெனுவலில் பாருங்கள். இறுக்கும்போது ரென்ச் சத்தம் வரும் முன்பே போல்ட் வழுகினால் அந்த மரை பிடிக்கவில்லை, மறுபடி கழற்றத்தான் வேண்டும். சரியாக நின்றால் போல்ட் தலைக்கும் பிராக்கெட் அல்லது நக்கிளுக்கும் குறுக்கே பெயிண்டால் ஒரு கோடு போடுங்கள்.

சக்கரத்தைப் பூட்டி, வாகனத்தை அசைக்கும் முன் பெடல் கெட்டியாகும்வரை மிதியுங்கள். முதலில் சமதரையில் மெதுவாக ஓட்டி நிறுத்திப் பாருங்கள், அப்புறம் சின்ன இறக்கம். ஐம்பது கிலோமீட்டர் ஓடியதும் சக்கரத்தைக் கழற்றி டார்ச் அடித்து அந்தக் கோட்டைப் பாருங்கள். மச்சானின் காரில் கோடு நேராகவே நின்றது. அதன் பிறகுதான் அவர் குழந்தைகளை ஏற்றிக்கொண்டு கண்டிப் பக்கம் இறங்கினார்.