எழுத்து தெரியும், வாசிக்க வராது

யுகேஜி படிக்கும் மகள் சார்ட்டில் எல்லா எழுத்தையும் கடகடவென்று சொல்வாள். ‘படம்’ என்று எழுதிக் காட்டினால் மட்டும் ‘பானா, டானா, இம்மன்னா’ என்று நின்றுவிடுவாள். புது சார்ட், யூடியூப் பாட்டு, பக்கம் பக்கமாக எழுதவைத்தது, எதுவும் சரிப்படவில்லை. சார்ட்டில் ‘ப’ பக்கத்தில் இருந்த பட்டத்தின் படத்தைக் கட்டைவிரலால் மறைத்தேன், எழுத்தைச் சொல்ல வரவில்லை. அப்போதுதான் பிடிபட்டது. ‘ப’ தெரியவில்லை, பட்டம்தான் தெரிகிறது!

படங்களையும் ‘பானா’வையும் ஓரங்கட்டினேன். ட, ப, ம மட்டும், வெறும் ஒலியாக. கோத்தகிரிக் குளிரில் காலையில் சமையலறைக் கண்ணாடி ஜன்னலில் ஆவி படிந்திருக்கும். அதில் விரலால் எழுதினோம். ‘ம’ மேல் புள்ளி வந்தால் உதட்டை மூடி ‘ம்ம்ம்’ என்று இழுக்கச் சொன்னேன். அதில்தான் வழிக்கு வந்தது: படம், மடம், பட்டம். அப்பாடா!

‘க’வை இன்னும் தொடவில்லை. கல், மகன், தங்கம் மூன்றிலும் அது வேறு வேறாக ஒலிக்கும். முதலில் ய, ர, ல முடியட்டும்.