விளிம்பு மறைந்த பிறகு தாவுங்கள்: பார்கூர் ஆட்டத்துக்கு ஒரு கையேடு

யாங்கூனில் கரண்ட் போன நேரம், கூரைக்குக் கூரை ஓடித் தாவும் பார்கூர் ஆட்டத்தை லேப்டாப் பேட்டரியில் விளையாடுகிறீர்களா? முதலில் பவர் சேவரை அணையுங்கள். அது ஓடினால் பிரேம் விகிதம் (நொடிக்கு எத்தனை படம் திரையில் வருகிறது என்பது) 60-இலிருந்து 30-க்கு இறங்கிவிடலாம். அழுத்தியது தாமதமாகவே திரைக்கு வரும். ஆட்டத்தின் அமைப்புகளில் நிழல்களைக் குறைத்தாலே பெரும்பாலும் சரியாகும். பார்வைக் கோணம் (திரையில் எவ்வளவு அகலம் தெரிகிறது என்பது) 90 முதல் 100 டிகிரி வரை இருக்கட்டும். அதற்குக் கீழே போனால் பக்கச் சுவர் தெரியாது, சிலருக்குத் தலையும் சுற்றும்.

பலர் விழுவதற்குக் காரணம் ஒன்றுதான்: சீக்கிரம் தாவிவிடுகிறார்கள். ஆட்டத்தில் ஓடும் பாத்திரத்தின் கண் வழியே பார்ப்பதால் சொந்தக் கால் தெரிவதில்லை. நேராகப் பார்த்து ஓடும்போது கூரையின் விளிம்பு திரையின் அடியில் மறைந்த பிறகும் கால் கூரையில்தான் இருக்கிறது. மறைந்ததும் ஒரு கணம் பொறுத்து ஸ்பேஸ் பாரைத் தட்டுங்கள். விளிம்பைத் தாண்டிய பின்னும் நொடியில் ஒரு சிறு பங்கு தாவ விடும் ஆட்டங்கள் நிறைய உண்டு. பறக்கும்போது பள்ளத்தைப் பார்க்காமல் இறங்கும் இடத்தையே பாருங்கள்.

சுவரில் ஓட, சாய்வாக அணுகுங்கள். நேராக மோதினால் வேகம் செத்துவிடும். உருளும் வசதி இருந்தால், தரை தொடுவதற்குச் சற்று முன் குனியும் பட்டனை அழுத்துங்கள்.

முதல் சுற்றில் டைமர் வேண்டாம். கரண்ட் வெட்டு நேரம் நெருங்கினால், அடுத்த செக்பாயிண்டைத் (ஆட்டம் சேமிக்கப்படும் இடத்தை) தொட்டுவிட்டு நிறுத்துங்கள்.